அழுகையில் நின்றுபோகும் மூச்சு: பெற்றோர் அறிய வேண்டியவை

இரவு நேரத்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவரும் குடும்பங்களுள் ஒரு வகையினரைக் குழந்தை மருத்துவர்களாகிய நாங்கள் பார்த்தவுடனே இனங்கண்டுகொள்கிறோம். தந்தையின் தோளில் குழந்தை. காலில் செருப்பும் இன்றிப் பின்னால் தாய். அவருக்கும் பின்னால், வேண்டாத தெய்வம் இல்லை என்ற நிலையில் பாட்டி. எல்லார் முகத்திலும் மரணத்தைக் கண்டுவந்த கலக்கம் இருக்கும். குழந்தை மட்டும், கண்ணீர்த் தடம் காயாத முகத்துடன், என் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பை எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டிருக்கும்.

சில மாதங்களுக்கு முன் அவ்வாறு வந்தவன் 14 மாத ஆண் குழந்தை. கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்த கைப்பேசியைத் தாய் வாங்கி வைத்திருக்கிறார். வீரிட்டு அழத் தொடங்கியவன், சற்று நேரத்தில் வாய் திறந்தபடியே ஒலியற்றுப் போனான். உதடு நீலமாயிற்று, உடல் விறைத்தது, பின்னர் துவண்டது. "போயிட்டான்னே நினைச்சுட்டேன் டாக்டர்" என்றார் தாய். பாட்டி அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். சித்தப்பா அவனைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் வீசினார். மூச்சு திரும்பியது.

குழந்தையை முழுமையாகச் சோதித்தேன். இதயம், நுரையீரல், நரம்பு மண்டலம் யாவும் செம்மையாக இருந்தன. நான் கண்ட ஒரே காயம், முதுகில் சிவந்து பதிந்திருந்த விரல் தடங்கள். அவை அவனைக் காப்பாற்ற முயன்ற கையின் தடங்கள்.

புறப்படும்போது அத்தாய் கேட்டார்: "அப்போ இனிமே இவனை அழவே விடக் கூடாதா டாக்டர்?"

இக்கேள்வியைப் பல தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். அவசரப் பிரிவின் பரபரப்பில் இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடிக்கக் கூடிய விடை அன்று. ஆகவே இக்கட்டுரை.

மூச்சு ஏன் நிற்கிறது?

மருத்துவக் குறிப்பேட்டில் நாங்கள் இதனைப் 'பிரெத் ஹோல்டிங் ஸ்பெல்' என்று எழுதுகிறோம். தமிழில் 'மூச்சடக்க நிகழ்வு' எனலாம். 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேர் வரை இது காணப்படுகிறது. பெரும்பாலும் 6 மாதம் முதல் 18 மாதத்திற்குள் தொடங்கும்; இரண்டு வயதையொட்டி மிகுதியாகும்; பள்ளி செல்லும் வயதை எட்டும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு முற்றிலும் நின்றுவிடும்.

அழுகை என்பது மூச்சை வெளியே விடும் செயல். கடுமையாக அழும் குழந்தை, ஒரே வீறிடலில் நுரையீரலில் உள்ள காற்றின் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகிறது. அடுத்து மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்த உள்மூச்சு ஓர் அனிச்சைச் செயலால் சில நொடிகள் தடைபடுகிறது. குழந்தையின் உடலில் ஆக்சிஜனின் இருப்பு குறைவு, செலவு மிகுதி. எனவே பெரியவர்களைக் காட்டிலும் விரைவில் உதடு நீலமாகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தமும் ஆக்சிஜனும் சிறிது நேரம் குறைவதால் நினைவு தப்புகிறது.

பெற்றோர் நினைவில் இருத்த வேண்டிய முதன்மையான செய்தி இதற்குப் பின் நடப்பதே. நினைவு தப்பியவுடன் அழுகையும் சினமும் அடங்கிவிடுகின்றன. மூளைத்தண்டில் உள்ள சுவாச மையம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது. இரத்தத்தில் சேரும் கரியமில வாயு அம்மையத்தைத் தூண்ட, மூச்சு தானாகவே திரும்புகிறது. பெரும்பாலான நிகழ்வுகள் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும்.

சாவியும் அடியும் தண்ணீரும் மூச்சைத் திருப்பிக் கொடுத்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அவற்றுள் ஒன்றையும் செய்யாதிருந்தாலும் அதே நேரத்தில் மூச்சு திரும்பியிருக்கும்.

நீலமாவதும் வெளிறுவதும்

இந்நிகழ்வுகளில் இரு வகைகள் உள்ளன. மேலே கூறப்பட்டது நீல வகை; மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. சினம், ஏமாற்றம், வலி ஆகியவற்றால் எழும் கடும் அழுகையே இதன் தொடக்கம்.

மற்றொன்று வெளிறும் வகை. குழந்தை எதிர்பாராமல் தலையை இடித்துக்கொள்கிறது, அல்லது திடுக்கிடுகிறது. அழுகை பெரிதாக எழுவதில்லை. சிலருக்கு அறவே எழுவதில்லை. நொடிகளில் முகம் வெளுத்து, வியர்த்து, உடல் துவண்டு விழுகிறது. இங்கு முதலில் தடுமாறுவது இதயத் துடிப்பு. இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பு மிகையாகத் தூண்டப்படுவதால் துடிப்பு மிகவும் மெதுவாகிறது. சில நொடிகள் நின்றும் போகலாம். பெரியவர்களுள் சிலர் ஊசியைக் கண்டதும் மயங்கி விழுவது போன்றதே இதுவும். பெரும்பாலும் தீங்கற்றது, தானே சீராகிவிடும். எனினும் இவ்வகை நிகழ்வு ஏற்பட்ட குழந்தைக்கு ஒரு முறையேனும் ஈ.சி.ஜி. எடுத்து, இதயத் துடிப்பில் பிறவிக் கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இது வலிப்பு நோயா?

முதுநிலைப் படிப்பின்போது நான் செய்த பிழை ஒன்றை இங்குச் சொல்ல வேண்டும். இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிவந்த தந்தை, "ஃபிட்ஸ் வந்துச்சு" என்றார். உடல் விறைத்தது, கைகால் வெட்டியது, நினைவில்லை என்று அவர் கூறியவற்றை அப்படியே எழுதிக்கொண்டேன். வலிப்புக்கான மருந்து தொடங்கப்பட்டது. நான்கு மாதங்கள் அம்மருந்தை உட்கொண்டாள். நிகழ்வுகள் குறையவில்லை; பகலெல்லாம் தூங்கி வழிந்தாள்.

மறு பரிசோதனைக்கு வந்தபோது என் பேராசிரியர் தந்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதுக்கு முன்னாடி என்ன நடந்தது?" அண்ணன் பொம்மையைப் பிடுங்கினான், அழுதாள் என்றார் தந்தை. அதற்கு முந்தைய முறை? கீழே விழுந்தாள், அழுதாள். அதற்கும் முன்பு? ஊஞ்சலிலிருந்து இறக்கினோம், அழுதாள். மருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. நான் கேட்கத் தவறிய அக்கேள்வியை இன்றுவரை ஒவ்வொரு பெற்றோரிடமும் முதலில் கேட்கிறேன்.

வேறுபாடு நிகழ்வின் வரிசையில் இருக்கிறது. மூச்சடக்க நிகழ்வில் முதலில் ஒரு காரணம், அடுத்து அழுகை, பின் மூச்சு நிற்றல், நீலமாதல், நினைவிழத்தல். கைகால் விறைப்போ ஓரிரு வெட்டுகளோ வந்தால் அவை இறுதியில் வரும். வலிப்பு நோயில் பெரும்பாலும் வெளிக்காரணம் இராது, தூக்கத்திலும் வரலாம், விறைப்பும் வெட்டும் முதலில் தோன்றும், நீலம் அதன் பின்னரே வரும். முடிந்த பின் குழந்தை நெடுநேரம் மயங்கிய நிலையிலேயே இருக்கும்.

வீட்டில் இருவர் இருந்தால், ஒருவர் குழந்தையைக் கவனிக்க, மற்றவர் கைப்பேசியில் நிகழ்வைப் படம்பிடிக்கலாம். அவ்வாறு செய்யக் கூசும் பெற்றோர் உண்டு. கூச வேண்டியதில்லை. அரை நிமிடக் காணொளி, தேவையற்ற பல பரிசோதனைகளையும் மருந்துகளையும் தவிர்த்துவிடும்.

அடமும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல

'மூச்சை அடக்குதல்' என்னும் பெயரால் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. குழந்தை வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துக்கொண்டு பெற்றோரை மிரட்டுகிறது என்பதே அது. ஒரு வயதுக் குழந்தையால் திட்டமிட்டு நினைவிழக்க இயலாது. இது தும்மல், விக்கல் போன்று அதன் கட்டுப்பாட்டில் இல்லாத செயல். எனவே இதற்காகக் குழந்தையை அடிப்பதிலோ அதட்டுவதிலோ பொருளில்லை.

தாயைப் பழிப்பதிலும் பொருளில்லை. "செல்லம் கொடுத்தே கெடுத்துட்டா" என்ற பேச்சைப் புறநோயாளிப் பிரிவில் என் எதிரிலேயே கேட்டிருக்கிறேன். இந்நிகழ்வு குடும்பவழியாக வருவது; இக்குழந்தைகளுள் ஏறத்தாழ 20 முதல் 35 விழுக்காட்டினரின் குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இது இருந்திருக்கும். அந்த 14 மாதக் குழந்தையின் பாட்டியும் சற்று அமைதியான பின் மெல்லச் சொன்னார்: "இவங்கப்பனும் சின்னதுல இப்படித்தான் டாக்டர். மந்திரிச்சுக் கயிறு கட்டினோம், போகப் போகச் சரியாப் போச்சு." கயிறு கட்டினார்கள், குழந்தையும் வளர்ந்தான். சரிசெய்தது வளர்ச்சியே.

அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டியவை

1. குழந்தையைத் தரையிலோ கட்டிலின் நடுவிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். படுத்த நிலையில் மூளைக்கு இரத்தம் எளிதாகச் செல்லும். வாந்தி வந்தாலும் மூச்சுக்குழாயில் இறங்காது.

2. அருகில் கூர்மையான, கடினமான பொருள்கள் இருந்தால் அகற்றுங்கள். கழுத்தை இறுக்கும் உடை, கயிறு முதலியவற்றைத் தளர்த்துங்கள்.

3. வாயில் உணவு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். தெரியாத நிலையில் விரலை விட்டுத் துழாவக் கூடாது.

4. கடிகாரத்தைப் பாருங்கள், அல்லது ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். அச்சத்தில் பத்து நொடிகள் பத்து நிமிடங்களாகத் தோன்றும். எண்ணிக்கை உண்மையைச் சொல்லும்.

5. ஒரு நிமிடம் கடந்தும் மூச்சு திரும்பாவிடில் 108 எண்ணை அழையுங்கள். செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் அளிக்கப் பயிற்சி பெற்றவர் இருந்தால் உடனே தொடங்கலாம்.

செய்யக் கூடாதவை: குழந்தையைக் குலுக்குதல் கூடவே கூடாது. இளங்குழந்தையின் தலையை வேகமாகக் குலுக்கினால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம்; மூச்சடக்க நிகழ்வால் வராத ஆபத்து அதனால் வந்துவிடும். தலைகீழாகத் தூக்குதல், அடித்தல், வாயில் தண்ணீர் ஊற்றுதல், பற்களுக்கிடையே கரண்டியை நுழைத்தல், வெங்காயச் சாற்றை மூக்கில் பிழிதல் ஆகிய யாவும் தீங்கு தருபவை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறவாதீர்கள். உண்ணும்போதோ, சிறு பொருள்களை வைத்து விளையாடும்போதோ, அழுகை ஏதுமின்றித் திடீரென மூச்சுத் திணறினால், அது தொண்டையில் பொருள் அடைத்ததாக இருக்கலாம். அது வேறு வகை அவசரம், காத்திருக்கக் கூடாது. அதற்கான முதலுதவியை எங்கள் செவிலியர்களிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

இரத்தத்தில் இரும்பு

மூச்சடக்க நிகழ்வுக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் உள்ள தொடர்பு பலகாலமாக அறியப்பட்டது. ஜோர்டான் நாட்டில் நடைபெற்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் 67 குழந்தைகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு இரும்புச்சத்து மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தற்ற போலித் திரவமும் தரப்பட்டன. இரும்புச்சத்து பெற்றவர்களுள் 88 விழுக்காட்டினருக்கு நிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. மற்றப் பிரிவில் 6 விழுக்காட்டினருக்கே குறைந்தன. இரும்பு, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு மட்டுமன்றி, நரம்புகள் தமக்குள் செய்தி பரிமாறும் வேதிப்பொருள்கள் உருவாகவும் தேவைப்படுகிறது.

நம் மாநிலத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 முதல் 59 மாத வயதுடைய தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே இந்நிகழ்வுடன் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஹீமோகுளோபின் அளவையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கிறோம். மூளை ஸ்கேன், இ.இ.ஜி. ஆகியவை பெரும்பாலோர்க்குத் தேவைப்படுவதில்லை.

அந்தக் குழந்தையின் ஹீமோகுளோபின் 7.9 கிராமாக இருந்தது. இவ்வயதில் 11 கிராமேனும் இருப்பது வழக்கமாக எதிர்பார்க்கப்படும் அளவு. நாளொன்றுக்கு எவ்வளவு பால் குடிக்கிறான் என்று கேட்டேன். ஒரு லிட்டருக்கு மேல் என்றார் தாய், சற்றுப் பெருமிதத்துடன். சோறு வேண்டாம் என்று அவன் தலையைத் திருப்பும்போதெல்லாம் பால் புட்டி கொடுக்கப்பட்டது. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. பிற உணவில் உள்ள இரும்பு உடலில் சேர்வதையும் அது குறைக்கிறது. வயிற்றை நிரப்பிப் பசியையும் போக்கிவிடுகிறது. பாட்டி கையில் கொடுத்த இரும்பு, அவன் இரத்தத்தில் இல்லாதிருந்தது.

ஒரு வயது கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லிலிட்டர் பால் போதும். ஈரல், சுவரொட்டி, மீன், முட்டை, முருங்கைக் கீரை, பயறு வகைகள், கேழ்வரகு ஆகியவற்றை வீட்டு வழக்கத்திற்கேற்பச் சேர்க்கலாம். உணவுடன் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் ஒன்று இருந்தால் இரும்பு நன்கு உட்கிரகிக்கப்படும். தேநீரும் காப்பியும் குழந்தைகளுக்கு வேண்டாம்.

இரும்புச்சத்து மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது; அதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பாலுடன் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கறுத்துப் போவது இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. பற்களில் கறை படியாதிருக்க, மருந்தை நாக்கின் பின்பகுதியில் விட்டுப் பின்னர்ச் சிறிது தண்ணீர் கொடுங்கள். நிகழ்வுகள் நின்றவுடன் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்; சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். மருந்துப் புட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அளவுக்கு மீறிய இரும்பு குழந்தைக்கு நஞ்சு.

இனிமேல் அழவே விடக் கூடாதா?

இப்போது அத்தாயின் கேள்விக்கு வருவோம். மூச்சு நின்றதை ஒருமுறை கண்ட குடும்பம், அடுத்த முறை அழுகை தொடங்கும் முன்பே பணிந்துவிடுகிறது. கேட்ட கைப்பேசி கிடைக்கிறது. மறுத்த மிட்டாய் கிடைக்கிறது. மூத்த குழந்தையின் பொம்மை பறித்துக் கொடுக்கப்படுகிறது. மூச்சு நிற்பது குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லை என்றோம். ஆனால் அழுதால் யாவும் கிடைக்கும் என்பதை அது விரைவில் கற்றுக்கொள்ளும். மூச்சடக்கம் ஐந்தாறு வயதில் நின்றுவிடும்; அந்தப் பழக்கம் நிற்காது.

ஆகவே அழ விடலாம். அழுகை குழந்தையின் மொழி. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் முன்பு போலவே சொல்லுங்கள். நிகழ்வு முடிந்ததும் குழந்தையை அணைத்துக்கொள்ளுங்கள். மறுத்த பொருளை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். சிறிது நேரத்தில் வீடு தன் வழக்கமான வேலைக்குத் திரும்பட்டும். பத்துப் பேர் சூழ்ந்து நின்று அழுதால் குழந்தை மேலும் அஞ்சும். தாத்தா, பாட்டி, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், அங்கன்வாடிப் பணியாளர் என அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றுதல் வேண்டும்.

தேவையற்ற அழுகையைத் தவிர்ப்பது வேறு. பசியும் தூக்கக் கலக்கமும் உள்ள குழந்தை எளிதில் சினங்கொள்ளும்; உணவும் உறக்கமும் நேரத்தில் அமையட்டும். விளையாட்டை நிறுத்தும் முன், "இன்னும் ரெண்டு தடவை ஊஞ்சல், அப்புறம் வீடு" என்று சொல்லிவையுங்கள். சிகப்புச் சட்டையா, நீலச் சட்டையா என்று தேர்ந்தெடுக்க விடுங்கள். சிறியவற்றில் தன் விருப்பம் நடந்தால், பெரியவற்றில் மறுப்பைத் தாங்கும் பொறுமை குழந்தைக்கு மெல்ல வரும்.

எப்போது தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்?

முதன்முறை இந்நிகழ்வு ஏற்பட்டால், அது எவ்வளவு சிறியதாயினும், ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கீழ்க்காணும் நிலைகளில் காலந்தாழ்த்தக் கூடாது:

6 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு வந்தால்;

அழுகையோ வலியோ அச்சமோ இன்றி வந்தால், அல்லது தூக்கத்தில் வந்தால்;

ஓடும்போது, நீந்தும்போது, அல்லது பேரொலி கேட்டு மயங்கி விழுந்தால்;

வெட்டு இழுப்பு ஒரு நிமிடத்திற்கு மேல் நீடித்தால், அல்லது முடிந்த பின் நெடுநேரம் தெளிவு திரும்பாதிருந்தால்;

காய்ச்சலுடன் வந்தால்;

குடும்பத்தில் எவரேனும் இளவயதில் காரணமின்றித் திடீரென இறந்திருந்தால்;

நிகழ்வுகள் நாளுக்கு நாள் பெருகினால், அல்லது குழந்தையின் வளர்ச்சி பின்தங்குவதாகத் தோன்றினால்.

இவை எதுவும் இல்லாத குழந்தைக்கு, மூச்சடக்க நிகழ்வு வலிப்பு நோயாக மாறுவதில்லை. அறிவு வளர்ச்சியும் குன்றுவதில்லை.

அந்த 14 மாதக் குழந்தை மூன்று மாதங்கள் கழித்து மறு பரிசோதனைக்கு வந்தான். பால் அரை லிட்டராகக் குறைந்திருந்தது, ஹீமோகுளோபின் 10.8 ஆக உயர்ந்திருந்தது. முன்பு வாரத்திற்கு இருமுறை வந்தது, அந்த மாதத்தில் ஒரே ஒருமுறை வந்ததாகத் தாய் கூறினார். அன்று வீட்டில் அவர் தனியாக இருந்திருக்கிறார்.

"என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"பாயில ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பக்கத்துல உக்காந்து எண்ணினேன் டாக்டர். கை நடுங்கிட்டுத்தான் இருந்துச்சு. இருபத்தி மூணு எண்ணும்போது மூச்சு விட்டுட்டான்."

"அதன் பிறகு?"

"தூக்கி வச்சுக்கிட்டேன். போனை மட்டும் கொடுக்கலை."